போர்வையைத் தேடி வந்த குளிர்

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, தூத்துக்குடி கப்பல்காரன் சந்தின் நான்காவது வீட்டுக்குள் குளிர் வந்தது. அந்த நேரத்தில் செபஸ்தியம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தன் போர்வையின் முதல் கட்டத்தைத் தைத்து முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கால்விரல்கள் சில்லிட்டன. குடம் சாய்ந்து தண்ணீர் ஓடி வருகிறதோ என்று திரும்பிப் பார்த்தாள். குடம் நின்ற இடத்தில் நின்றது. கரண்ட் போய் மின்விசிறியும் நின்றுதான் இருந்தது. சன்னலுக்கு வெளியே தெரு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. சரி, வந்துவிட்டது போல என்று நினைத்து, முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, இரண்டாவது கட்டத்துக்கு ஊசியில் நூல் கோத்தாள்.

செபஸ்தியம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்தைந்து வருஷமாக உப்பளத்தில் உப்பு வாருகிறவள். புருஷன் அந்தோணி இறந்து பதினான்கு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. அந்தோணியின் தங்கை அமலோற்பவம், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், மைனியை விட்டு எங்கும் போகவில்லை. அதனால் செபஸ்தியும் போகவில்லை. அமலிக்கு பேக்கரியில் மக்ரூன் அடுக்கி டப்பா ஒட்டுகிற வேலை. மதியம் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருவாள். செபஸ்திக்கு விடியும் முன் போனால் பதினோரு மணிக்கு வீடு. ஒருத்தி உலை வைத்தால் இன்னொருத்தி வடிப்பாள். அந்த வீட்டில் பதினான்கு வருஷம் சோறு அப்படித்தான் வெந்தது.

இன்னாசிமுத்து உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பதினோரு வருஷம் உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்திவிட்டு, மூட்டை ஏறி முடியும்வரை செபஸ்தியிடம் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்து, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறொன்றும் பேசாமல் மலைக்கு வண்டியைத் திருப்பியவர். முதுகு வலி வந்து லாரியை விட்டதும் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து கேரட் போட்டிருந்தார். மனைவி இறந்து பல வருஷமாகிவிட்டது. மாசி மாதம் பஸ் பிடித்து வந்து, உப்பள வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்று, அவளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "எங்க வீட்ல ரெண்டு டம்ளர் இருக்கு. ஒண்ணுதான் தேயுது."

செபஸ்தி உப்புப் பலகையை நட்டுவைத்துவிட்டு யோசித்தாள். யோசித்து நாலு நாள் கழித்துச் சரியென்று சொல்லியனுப்பினாள். வீட்டில் அமலியிடம் சொன்னபோது அமலி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், நல்லதுதானே மைனி, போங்க என்றாள். அன்று சோற்றில் ஒரு கல் கூட இல்லை.

மலையில் கோடையிலும் பல் தட்டும் என்று இன்னாசி போனில் சொன்னார். போர்வை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். செபஸ்திக்கு அது சரிப்படவில்லை. ஒரு மனுஷன் வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போவதெப்படி? புது ஊரில் கண் விழிக்கும்போது மேலே கிடப்பதாவது தெரிந்த துணியாக இருக்கட்டுமே. உப்பளத்துப் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டுதான் வெயிலில் இறங்குவார்கள். செபஸ்தி அந்தோணியின் சட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, உப்பில் நைந்து முடித்திருந்தாள். அவற்றில் முதுகுப்பக்கம் நன்றாக இருந்த துணியை வெட்டியெடுத்தாள். விஷயம் தெரிந்ததும் அவளோடு வேலை செய்த பெண்கள் ஆளுக்கொரு பழைய சட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். கோடு போட்டது, கட்டம் போட்டது, எலெக்‌ஷனுக்குக் கொடுத்தது, மகன் சின்னதாகிவிட்டதென்று கழித்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு துண்டு, நடுவில் இலவம் பஞ்சு, நாலு பக்கமும் கைத்தையல். இப்படி ஐம்பத்தாறு கட்டம் தைத்துச் சேர்த்தால் இரண்டு பேர் போர்த்தலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். நாளைக்கு இரண்டு கட்டம்.

அந்தப் போர்வையைத் தேடித்தான் குளிர் வந்தது. இதில் சந்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. போர்வை என்று ஒன்று இருந்தால் குளிர் என்று ஒன்று இருக்க வேண்டும்; தூத்துக்குடியில் இல்லாததால் இருக்கிற இடத்திலிருந்து கிளம்பி வந்திருக்கிறது. சோடாக்கடை மோட்சம் இப்படி விளக்கம் சொன்னார். எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இரண்டாம் நாள் குளிர் கூடத்தை நிறைத்தது, நான்காம் நாள் அடுக்களைக்குள் போய் தேங்காய் எண்ணெயை உறைய வைத்தது, ஒரு வாரத்தில் வாசல் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போனது, பத்து நாளில் சந்து முழுக்க அதுதான். சந்துக்கு வெளியே மெயின் ரோட்டில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மோட்சத்தின் கடையைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்தால் மூக்கு நுனி சிவந்தது. பிள்ளைகள் வாயிலிருந்து புகை விட்டு விளையாடினார்கள். வெந்நீர்ப் பானைக்கு வரிசை நின்றது. மோட்சம் பன்னீர் சோடாப் பெட்டிகளை அடுக்கி ஓரம் வைத்துவிட்டு சுக்குக் காப்பி போட ஆரம்பித்தார். ஞாயிறு பூசைக்குக் குரங்குக் குல்லாவோடு வந்த ஆண்களைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குள் குல்லாவைக் கழற்ற வேண்டுமா என்பதைப் பற்றிப் பங்குச்சாமியார் ஒரு நிமிஷம் யோசித்து, இந்த ஒரு சந்துக்காரர்களுக்கு மட்டும் விலக்கு என்று அறிவித்தார்.

கஷ்டம் என்றால் இட்லி மாவுதான். குளிரில் மாவு புளிக்கவில்லை. காலையில் தட்டில் ஊற்றினால் கல் மாதிரி வந்தது. அதற்கும் ஒரு வழி பிறந்தது. பக்கத்து வண்ணான்துறைத் தெருவில் வெயில் வழக்கம்போலக் கொளுத்திக்கொண்டிருந்ததால், சந்துக்காரர்கள் சாயங்காலம் மாவுப் பானைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் வைத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பதிலாக அந்தத் தெருக்காரர்கள் மதியம் பாயும் தலையணையுமாக வந்து சந்தில் படுத்து நாலு மணி வரை தூங்கிப் போனார்கள். ஏழு மாதச் சூலியாக இருந்த ஒருத்தி செபஸ்தி வீட்டுக் கூடத்திலேயே படுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித் தூங்கியதில்லை என்றாள். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த இரண்டு குடும்பங்கள், ஒன்றின் மாவு இன்னொன்றின் வீட்டில் பொங்கி வழிந்ததில், பேசத் தொடங்கின. ஒருநாள் வெப்பம் அளக்கும் கருவியோடு ஒருவர் வந்தார், சந்தின் மூன்று இடங்களில் நின்று பார்த்தார், நோட்டில் எழுதினார், எழுதியதைத் தானே நம்பாமல் அடித்தார், சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

மேலே கோத்தகிரியில் நிலைமை வேறாக இருந்தது. ஆட்கள் பனியனோடு திரிவதாகவும், குளிர் தேடி வந்த வெளியூர்க்காரர்கள் விசிறி கேட்டுச் சண்டை போடுவதாகவும், கேரட் தழை மதியமானால் துவண்டு விழுவதாகவும் இன்னாசி போனில் சொன்னார். அங்கே தூத்துக்குடியில் குளிர் எப்படி இருக்கிறது, சௌக்கியமா என்று, வெளியூர் போன சொந்தக்காரரை விசாரிப்பதுபோல விசாரித்தார். அவசரமில்லை, நிதானமாகத் தையுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் போனை வைத்தார்.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால், ஜூன் மூன்றாம் புதன்கிழமை கோத்தகிரிக் கோயிலில் கல்யாணம். அந்தோணியின் விதவை செபஸ்தியம்மாள் என்று தன் பேரைச் சாமியார் வாயிலிருந்து கேட்டபோது செபஸ்திக்குக் காது சூடாகியது. பக்கத்தில் அமலி முழந்தாளிட்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல் ஒரே மணியில் வெகுநேரம் நின்றது.

அன்றைக்குப் போர்வையில் நாற்பத்தொரு கட்டம் இருந்தது. திங்கட்கிழமையும் நாற்பத்தொன்று. செவ்வாயும் நாற்பத்தொன்று. மதியம் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே செபஸ்தி இரண்டு கட்டம் தைத்து முடிப்பாள். மறுநாள் அதே பெண்கள் வந்து எண்ணினால் நாற்பத்தொன்றுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை வரை எண்ணிப் பார்த்துவிட்டு, குளிரில் எந்தப் பொருளும் சுருங்கத்தானே செய்யும், போர்வையும் சுருங்குகிறது என்று முடிவுக்கு வந்தார்கள். சந்தில் இலவம் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அதைப் பனி என்று நினைத்து நாக்கை நீட்டிக்கொண்டு ஓடினார்கள்.

போர்வைக்குள் அடங்கலாம் என்று வந்த குளிருக்கு, போர்வை முடியாததால் பொழுது போகவில்லை. சந்தில் ஒரு எல்லைக்கு மேல் அதற்கு வேலையும் இல்லை. ஒருநாள் காலையில் அது உப்பளத்துப் பக்கம் நடந்து போனது.

உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டி, வெயில் அதை உறிஞ்ச உறிஞ்ச, அடியில் உப்பு பூக்கும். கல்லுப்பாக இறுகியதும் பலகையால் வாரிக் கரையில் குவிப்பார்கள். குளிர் வந்த பிறகு பாத்திகள் மேல் வெள்ளையாக மூட்டம் நின்றது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. முதல் நாள் பெண்கள் பலகையைப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள், சேறுதான் வந்தது. இரண்டாம் நாள் கரையில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தார்கள், சிரித்தார்கள். மூன்றாம் நாள் சிரிப்பு குறைந்தது. மழைக்காலத்தில் எப்படியும் மூன்று மாதம் வேலை இருக்காது. கோடை உப்பை வாரித்தான் அந்த மூன்று மாதத்தைக் கடக்க வேண்டும். நாலைந்து நாள் ஆனபோது, யாரும் செபஸ்தியிடம் ஒரு சொல் சொல்லவில்லை என்பதே அவளுக்குக் கனமாக இருந்தது.

உப்பளத்துத் தாவீது மேஸ்திரி நல்ல மனுஷர். வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, குல்லாவைச் சரிசெய்துகொண்டு, உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டார், கல்யாண வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார், கடைசியில், வேறு காரணம் ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, போர்வை எப்போது முடியும் என்று கேட்டார். முடிந்துவிடும் அண்ணாச்சி என்றாள் செபஸ்தி. அவர் தலையாட்டிக்கொண்டு போனார். தைத்ததுவரை சுருட்டி மலைக்குப் பார்சலில் அனுப்பிவிடலாமே என்று கோயில் வாசலில் கூடிய ஆண்கள் பேசினார்கள். மோட்சம்தான் தடுத்தார். அரைகுறையாக அனுப்பினால் குளிரும் அரைகுறையாகத்தான் போகும் என்றார். அதுவும் சரியென்றுதான் பட்டது.

மறுநாள் வியாழக்கிழமை. பாத்தியில் வேலை இல்லையென்று மேஸ்திரி ஏழு மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார். பதினோரு மணிக்கு வர வேண்டிய செபஸ்தி எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். அமலி கூடத்தில் போர்வைக்கு முன்னால் குந்தியிருந்தாள். கையில் பிளேடு. மடியில் வெட்டிய நூல் துணுக்குகள். ஒரு கட்டம் வாய் பிளந்து கிடந்தது. அதிலிருந்து பஞ்சு கிளம்பி மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. அமலியின் தலைமுடியெல்லாம் பஞ்சு.

 செபஸ்தி கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அமலி பிளேடைக் காகிதத்தில் மடித்துக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு ஒண்ணுதான் மைனி பிரிச்சேன்," என்றாள். "சத்தியமா ஒண்ணுதான். நீங்க ரெண்டு தைக்கிய, நான் ஒண்ணு பிரிச்சா ஒண்ணு மிச்சம் இருக்கணும்லா. இன்னொண்ணு எப்பிடிப் பிரியுதுன்னு எனக்கே வெளங்கல."

"அது நான்," என்றாள் செபஸ்தி.

பெண்கள் எழுந்து போன பிறகு, அமலி பேக்கரியிலிருந்து வரும் முன், அந்த ஒரு மணி நேரத்தில், முதல் ஓலை வாசித்த நாளிலிருந்து, தினமும் தான் தைத்ததில் ஒன்றைத் தானே பிரித்ததைச் சொன்னாள். பிரித்த துணியை மறுநாள் பெண்கள் கண்ணில் படாமல் பெட்டிக்குள் வைத்ததைச் சொன்னாள். அமலி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழப் போகிறாள் என்று செபஸ்தி நினைத்தாள். அமலி சிரித்தாள். செபஸ்திக்கும் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு நாள் ஒரே போர்வையை ஒருத்தி காலையிலும் ஒருத்தி சாயங்காலமும் பிரித்து, ஒருத்திக்கொருத்தி தெரியாமல் பஞ்சைப் பொறுக்கி ஒளித்து வைத்து, ஊரையே நடுங்க விட்டிருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. அதன் பிறகு அது வேறு நீராக மாறியதை இருவருமே கவனித்தார்கள்.

"நீங்க ஏன் பிரிச்சிய?" என்றாள் அமலி.

"பயமா இருந்துச்சு. இத்தன வயசுக்கு மேல புது வீடு, புது மனுஷன். அதவிட, நீ." செபஸ்தி நிறுத்தினாள். "நீ ஏன் பிரிச்ச? அன்னைக்குப் போங்கன்னு சொன்னியே."

"நீங்க போறேன்னு சொன்னிய, நான் போங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?" அமலி மடியிலிருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "சொன்னிய மைனி. கேட்டியளா?"

மாசி மாதம் செபஸ்தி உப்பளத்தில் நாலு நாள் யோசித்தாள், பாத்தியிடம் யோசித்தாள், பலகையிடம் யோசித்தாள், செத்துப்போன அந்தோணியிடம்கூட மனதுக்குள் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள். கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில், சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டாள். இப்போது அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நான் போவட்டா அமலி?" என்று கேட்டாள்.

அமலி எழுந்து அடுக்களைக்குப் போனாள். டீக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. அது கொதிக்க வெகுநேரம் பிடித்தது. திரும்பி வரும்போது அவள் கையில் இரண்டு டம்ளர் டீயும், அக்குளில் இடுக்கிய ஒரு தகர டப்பாவும் இருந்தன. டப்பாவைத் திறந்து மைனி முன்னால் வைத்தாள். உள்ளே மக்ரூன், இருபது இருக்கும். வெள்ளையாக, கூம்பாக, நுனி லேசாகச் சாய்ந்து. செபஸ்தி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அது கரைந்து, கடைசியில் முந்திரி மட்டும் பல்லில் நின்றது. உங்க பேக்கரிச் சரக்கு இவ்வளவு நன்றாக இருக்காதே என்றாள்.

பேக்கரிச் சரக்கு இல்லை என்றாள் அமலி. இந்தக் குளிர் வந்ததிலிருந்து, மைனி உப்பளத்துக்குப் போன பிறகு, தினமும் காலையில் முட்டை வெள்ளையை அடித்துப் பார்ப்பதாகவும், இந்தக் குளிரில் நுரை குன்று மாதிரி எழும்பி விழாமல் நிற்பதாகவும், அதில் சர்க்கரையும் முந்திரியும் கலந்து கொண்டுபோய் பேக்கரியில் அடுப்பு அணைத்த பிறகு அந்த மிச்சச் சூட்டில் வைத்து எடுத்துக்கொள்வதாகவும் சொன்னாள். மாஸ்டருக்கு ஒன்று தின்னக் கொடுத்தாளாம். அவர் இரண்டாவது கேட்டாராம். பத்தொன்பது வருஷம் அடுத்தவர் போட்ட மக்ரூனுக்கு டப்பா ஒட்டியாயிற்று. இந்தக் கூடத்தில் ஒரு சின்ன அடுப்பு வைத்துத் தானே போட்டு விற்றால் என்ன என்று அவளுக்கு ஆசை. அதையும் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"போங்க மைனி," என்றாள். இந்தத் தடவை நேராகப் பார்த்துச் சொன்னாள். "ஆனா இவ தனியா என்ன செய்வான்னு நெனச்சுக்கிட்டுப் போவாதிய. செய்வான்னு நெனச்சுக்கிட்டுப் போங்க."

டீ ஆறிவிட்டது. இருவரும் குடித்தார்கள். பிறகு செபஸ்தி வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

செய்தி போக ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த உப்பளத்துப் பெண்கள் ஊசியோடு வந்தார்கள். மீதி பதினைந்து கட்டம், வந்தவர்கள் பதினைந்து பேர். ஆளுக்கொரு கட்டம் என்று துணியைப் பிரித்துக்கொண்டு, கூடத்திலும் வாசலிலும் சந்திலும் உட்கார்ந்து தைத்தார்கள். தன் சட்டைத் துணி தன் கைக்கே வந்துவிட்ட ஒருத்தி, இதை என் வீட்டுக்காரர் முதல் தீபாவளிக்குப் போட்டார் என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். வண்ணான்துறைத் தெருவிலிருந்து புளித்த மாவு வந்தது, ஆவி பறக்க இட்லி வெந்தது. ஊசிக்கு நூல் கோத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்த தாவீது மேஸ்திரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. மிஞ்சிய துணியில் அவரும் ஒரு கட்டம் தைத்தார். அது ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் குறுகி, எதனோடும் சேராமல் தனியாக நின்றது. யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

மூன்று மணிக்கு ஐம்பத்தாறும் சேர்ந்தன. கடைசி ஓரத்தை அமலியும் செபஸ்தியும் இரண்டு முனையிலிருந்து தைத்துக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். முடிச்சை அமலி போட்டாள்.

குளிர் வர ஆரம்பித்தது. உப்பளத்திலிருந்து வந்தது, கோயில் மணிக்கூண்டிலிருந்து இறங்கி வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தது, ஒவ்வொரு வீட்டின் கதவு இடுக்கிலிருந்தும் தவழ்ந்து வந்து, பெண்களின் கால்களுக்கிடையே நுழைந்து, போர்வையின் ஐம்பத்தாறு கட்டங்களுக்குள்ளும் புகுந்து ஒடுங்கியது. கொஞ்சம் தாமதமாக வந்த ஒரு துண்டுக் குளிர், இடம் நிறைந்துவிட்டதைப் பார்த்து, மேஸ்திரியின் கோணல் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சந்தில் வெயில் விழுந்தது. உறைந்த எண்ணெய் இளகியது. தாவீது மேஸ்திரி குல்லாவைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் பாத்திகளின் மேலிருந்து மூட்டம் விலகுவதைப் பார்த்தார். ஐந்தாம் நாள் உப்பு பூத்தது. அந்த வருஷம் பூத்த மாதிரி வெள்ளையாக அதற்கு முன் பூத்ததில்லை என்று உப்பளத்தில் இப்போதும் சொல்கிறார்கள்.

மேஸ்திரியின் கட்டத்தை அமலி வைத்துக்கொண்டாள். முட்டை அடிக்கும் சட்டியை அதன் மேல் வைத்தால் போதும், நுரை நிற்கும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் செபஸ்தி கிளம்பினாள். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாம் ஓலையை அவள் இல்லாமலே வாசித்துக்கொள்ளட்டும், குளிரை இனியும் காக்க வைக்கக் கூடாது என்று சாமியாரே சொல்லிவிட்டார். கோத்தகிரியில் கன்னியாஸ்திரி மடத்தில் தங்கக் கேட்டு வைத்திருந்தார். மடித்த போர்வை மடியில் ஐஸ் மூட்டை மாதிரிக் கனத்தது. எட்டயபுரம் தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் சன்னலைச் சாத்தினார்கள். மதுரையில் பக்கத்து சீட்டுக்காரி, தப்பாக நினைக்காதீர்கள், ஒரு ஓரத்தைக் கொஞ்சம் தருகிறீர்களா என்று கேட்டு மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி மலையேறியபோது, வழியெல்லாம் தேயிலைச் செடிகள் தூசியும் துவளலுமாக நின்று, பஸ் கடந்து போனதும் நிமிர்ந்தன.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இன்னாசிமுத்து அரைக்கைச் சட்டையோடு, துண்டால் விசிறிக்கொண்டு நின்றார். தகவல் தெரிந்து அவரோடு நாற்பது ஐம்பது பேர், கையில் ஸ்வெட்டரோடு நின்றார்கள். செபஸ்தி இறங்கினாள். அத்தனை பேருக்கு முன்னால் என்ன பேசுவதென்று தெரியாமல், போர்வையின் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். இருவரும் இரண்டு பக்கமாக விலகி அதை விரித்து ஒரு உதறு உதறினார்கள். குளிர் கீழே குதித்தது, சுற்றும் முற்றும் பார்த்தது, ஊர் அடையாளம் தெரிந்து காட்டுக்குள் ஓடியது. எல்லோரும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு அந்தப் போர்வை வெதுவெதுப்பான சாதாரணப் போர்வைதான். இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு வந்தீர்கள் என்றார் இன்னாசி. கஷ்டமில்லை, துணை இருந்தது என்றாள் அவள்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. இரண்டாவது டம்ளரும் தேயத் தொடங்கியது.

பொங்கல் முடிந்து, மலையில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்த வாரத்தில், அமலி வந்தாள். பிறந்ததிலிருந்து மதுரையைத் தாண்டாதவள். இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, குல்லா, காலுறைக்குள் காலுறை என்று வந்து இறங்கியதில் இன்னாசிக்கு அடையாளமே தெரியவில்லை. கையில் மக்ரூன் டப்பாக்கள் ஆறு. வீட்டுக்கு வந்ததும் போர்வைக்குள் புகுந்தவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. சாப்பாடு உள்ளேயே, காப்பி உள்ளேயே. அக்கம்பக்கத்துக்காரர்கள் பார்க்க வந்தபோது தலையை மட்டும் நீட்டி, ஆளுக்கொரு மக்ரூன் கொடுத்துப் பேசினாள். மைனி பக்கத்தில் படுத்து ஊர்க்கதை கேட்டாள். கூடத்தில் இப்போது பெரிய அடுப்பு, உதவிக்கு இரண்டு பேர், சூலியாகப் படுத்திருந்தவளும் அதில் ஒருத்தி. கப்பலில் வேலை பார்க்கிறவர்கள்கூட வாங்கிப் போகிறார்கள். இன்னாசி மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் அமலி எழுந்து பையைக் கட்டினாள். இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்றாள் செபஸ்தி. கேட்டுவிட்டு, பாத்திரத்தைச் சத்தமாக உருட்டினாள்.

"எப்பிடி மைனி இருக்க? சனிக்கிழம ஆர்டர் இருக்கு," என்றாள் அமலி. அந்தச் சொல்லை அவள் சொன்ன விதத்தில், இதற்கு முன் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லிப் பழகியிருக்கிறாள் என்று தெரிந்தது.

பஸ் ஏற்றிவிட்டு வந்தார்கள்.  வீட்டில் போர்வை, உள்ளேயிருந்து ஆள் எழுந்து போன மாதிரியே குழிந்து கிடந்தது. இன்னாசி அதை மடிக்க எடுத்தார். உள்ளேயிருந்து மக்ரூன் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது, மெத்தையெல்லாம் சர்க்கரை. அப்படியே வெளியே கொண்டுபோய் உதறிவிட்டு வருகிறேன், இல்லாவிட்டால் வீடு முழுக்க எறும்பு வரும் என்றார்.

செபஸ்தி அவர் கையிலிருந்து அதை வாங்கி, உதறாமல், இருந்தபடியே கட்டிலில் விரித்தாள்.

"வரட்டும்," என்றாள்.